யாரும் படுக்காத கட்டில்

கதவில் இருந்த கறை முதலில் உள்ளங்கை அளவுதான் இருந்தது. நான் தேய்க்கத் தேய்க்கப் பெரிதாகி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. சோப்பு போட்டேன், உப்பு போட்டேன், பாத்திரம் தேய்க்கிற பொடியைச் சமையல்காரியிடம் கெஞ்சி வாங்கி வந்து போட்டேன். கறை போகவில்லை, கதவின் பெயிண்ட்தான் போயிற்று. நடுவில் எண்ணெய்க் கறை, அதைச் சுற்றி வெளுத்துப் போன வட்டம். பண்ணாத கோலம் பண்ணி வைத்திருந்தேன்.

இந்தக் கட்டடத்துக்கு வந்த அன்றைக்கே மேனேஜர் பெண் என்னிடம் சொல்லியிருந்தாள். "அம்மா, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. கதவு ஜன்னலைப் பாழாக்கக் கூடாது. வெளியாளைத் தங்க வைக்கக் கூடாது. மத்தபடி இது உங்க ரூம். நிம்மதியா இருங்க."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசி வாக்கியம் என் காதில் ஏறவே இல்லை. கூடாது, கூடாது, கூடாது என்பது மட்டும் ஏறி உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

வயசாகிப் போக்கிடம் இல்லாதவர்கள், தெருவில் கிடந்து எழுந்து வந்தவர்கள், என்னைப் போல இரண்டுமானவர்கள் எல்லோருக்குமாக ஒரு அறக்கட்டளை கட்டிய மூன்று மாடி வீடு இது. உதவித்தொகையில் ஒரு பங்கை வாடகையாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஓர் அறை, உள்ளேயே குளியலறை, கட்டில், அலமாரி, தெருவைப் பார்த்த ஜன்னல். கீழே சாப்பாட்டுக்கூடம். வாரத்துக்கு ஒரு நாள் நர்ஸ் வந்து எல்லோரையும் பார்ப்பாள். ஒவ்வொரு கதவிலும் ஒரு மர வில்லை தொங்கும், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. காலையில் எழுந்ததும் பச்சைக்குத் திருப்பிவிட வேண்டும். டீ நேரத்துக்கும் சிவப்பாகவே இருந்தால் மேனேஜர் பெண் வந்து கதவைத் தட்டுவாள். ஆள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான், வேறென்ன?

"பச்சைன்னா வண்டி ஓடுது, சிவப்புன்னா டிப்போவுக்குப் போயாச்சு," என்பார் எதிர் அறைக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் தனி வீடு கட்டுப்படியாகாமல் இங்கே வந்தவர். படியில் இறங்கும்போதுகூட "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தாமல் அவரால் இறங்க முடியாது. எனக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நான் எங்கே போனாலும் என் பை என் தோளில் இருக்கும். சாப்பிடப் போனால் பை, நர்ஸிடம் போனால் பை. அதற்குள் என் சேலைகள், சோப்பு, சீப்பு, எண்ணெய் பாட்டில், மாத்திரை, கண்ணாடிக் கூடு, டம்ளர் எல்லாம் இருக்கும். அறையில் ஒரு ஊசியைக்கூட விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தெருவில் இருந்த காலத்தில் ஒரே ஒருமுறை, கழிப்பறைக்குப் போகிற அவசரத்தில் பையைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் குப்பை லாரி வாரிக்கொண்டு போய்விட்டது. அதில் என் மூக்குக்கண்ணாடியும் போனது. அதற்கப்புறம் நெடுநாள் என் கண்ணில் மனுஷர்களுக்கு முகமே இல்லை, சட்டைதான் இருந்தது. நீலச் சட்டை அடிக்க வருகிறானா, சோறு கொடுக்க வருகிறானா என்று பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும். அந்தப் பயம் பட்டவர்களுக்குத்தான் புரியும். இங்கே வந்தபிறகு நர்ஸ் முயற்சி செய்து ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அதை மூக்கிலிருந்து எடுத்தால் கூட்டில், கூட்டை எடுத்தால் பையில், பை என் மடியில்.

தெருவுக்கு முன்னால் நான் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை. நேற்று யார் அதில் புரண்டார்களோ, இன்று யாருமே படுக்காத மாதிரி அது கட்டிலுக்குப் போக வேண்டும், அதுதான் தொழில். அங்கேயே பின்னறையில் படுத்துக்கொள்வேன். சலவைக்கூடத்தை மூடினார்கள், பின்னறையும் அதோடு மூடிக்கொண்டது. கூப்பிட்டு வைத்துக்கொள்ள எனக்கு யாரும் இல்லை. ஒரு துணிக்கடையின் இரும்பு ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். அந்தக் கடைக்காரர் என்னை விரட்டியதில்லை. ஆனால் அவர் கடை திறக்க வரும்போது அங்கே ஒருத்தி கிடந்தாள் என்பது ஈ எறும்புக்குக்கூடத் தெரியக் கூடாது. அட்டையை எடுத்து, இடத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு, ஊர் விழிக்கும் முன்னால் போய்விடுவேன். அந்த இடத்துக்கு நான் கொடுத்த வாடகை அதுதான்.

கட்டில் கிடைத்துவிட்டதால் பழக்கம் போய்விடுமா? முதல் நாள் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். படுத்தால் கதவு கால்மாட்டில் எங்கேயோ இருந்தது. யாராவது வந்தால், வந்தது எனக்குத் தெரிவதற்குள் அவர்கள் என் தலைமாட்டில் நிற்பார்கள். எழுந்து போய்க் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அப்போதுதான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து அப்படித்தான். தாழ்ப்பாளை நம்பமாட்டேன், என் முதுகைத்தான் நம்புவேன். தலைக்கு நிறைய எண்ணெய் வைப்பது நான் எனக்குச் செய்துகொள்கிற ஒரே உபசாரம். அந்த எண்ணெய்தான் கதவில் ஏறிவிட்டது.

விடிவதற்கு முன்பே எழுந்து வில்லையைப் பச்சைக்குத் திருப்பிவிட்டுப் பையோடு எதிர்ப் பூங்காவுக்குப் போய்விடுவேன். எல்லோரும் சாப்பாட்டுக்கூடத்துக்கு இறங்குகிற நேரத்துக்குப் பையோடு திரும்பி வருவேன். மற்றவர்கள் "வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறுவார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "மேல போறேன்" என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அதிகாரி வருகிறார் என்ற செய்தி வந்தது.

"அறக்கட்டளையிலேருந்து எல்லா ரூமையும் பார்க்க வர்றாங்க," என்றாள் மேனேஜர் பெண், டீ குடித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து. "சில பேர் ரூமை வாங்கிப் பூட்டி வச்சிட்டு வேற எங்கயோ இருக்காங்களாம். வேற கட்டடத்துல அப்படி நடந்திருக்கு. ஆள் இல்லாத ரூமை எடுத்து, காத்திருக்கறவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. நீங்க யாரும் கவலைப்பட வேண்டாம். ரூமைச் சுத்தமா வச்சுக்கோங்க, அது போதும்."

ஆள் இல்லாத அறையைப் பற்றி எனக்கென்ன பயம்? நான்தான் இருக்கிறேனே. நான் பயந்தது கறைக்குத்தான். கதவைப் பாழாக்கக் கூடாது என்றார்கள், பாழாக்கிவிட்டேன். கேட்டால் என்ன சொல்வது? கட்டில் கொடுத்தீர்கள், நான் கதவில் தூங்குகிறேன் என்றா? பைத்தியம் என்பார்கள். பைத்தியத்துக்கு வேறு இடம் இருக்கிறது என்பார்கள்.

அவர்கள் வருகிற அன்று காலை நான் அறையைச் சுத்தம் செய்த மாதிரி எந்த ஓட்டலிலும் செய்திருக்க மாட்டார்கள். தரையை இரண்டு தடவை துடைத்தேன். குளியலறைத் தரையை என் பழைய சேலைத் துணியால் ஒற்றி, ஈரமே இல்லாமல் காயவைத்தேன். குழாயில் கைரேகை தெரிந்தது, அதையும் துடைத்தேன். கட்டிலின் மேல் விரிப்பை அதே மடிப்பில், அதே ஓரத்தில், அவர்கள் கொடுத்த அன்று இருந்த மாதிரியே வைத்தேன். கை மறக்காத தொழில் அல்லவா? அலமாரியைத் திறந்து பார்த்தேன், காலி. நல்லது. இந்த அறைக்கதவு உள்பக்கமாகத் திறந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். அப்போது கறை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அதனால் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பூங்காவுக்கு ஓடிவிட்டேன். பெரிய மனிதர்கள் வரும்போது அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பது தெருவில் நான் படித்த முதல் பாடம்.

கட்டடத்தின் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, அறுந்த செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்தார், பக்கத்தில் ஒரு சாக்கு. என்னைப் பார்த்ததும் சாக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லவா வேண்டும்? காலி அறை கிடைக்குமா என்று கேட்க வந்தவர். இரக்கம் வர வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது எரிச்சல். அந்த ஆள் என் ஜன்னலைப் பார்க்கிறாரோ என்று தோன்றியது.

பூங்கா பெஞ்சிலிருந்து என் ஜன்னல் தெரியும். நான் ஒருநாளும் திறக்காத ஜன்னல். பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று அது திறந்தது. யாரோ ஒருவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எழுந்து இப்படியே எங்கேயாவது போய்விடலாமா என்று நினைத்தேன். பை தோளில்தான் இருக்கிறது. எதையும் விட்டுவிட்டு வரவில்லை. போனால் யாருக்கும் தெரியாது. போயிருப்பேன். ஆனால் மேனேஜர் பெண் தெருவைத் தாண்டி என்னைத் தேடி வந்துவிட்டாள்.

"அம்மா, ஆபீசுக்குக் கொஞ்சம் வாங்க," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அதிகாரி எழுந்து நின்று எனக்கு நாற்காலி காட்டினார். திட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

"உட்காருங்கம்மா. மறைக்காமச் சொல்லுங்க. நீங்க இங்க தங்கறதில்ல, இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. கறையைப் பற்றித்தான் கேட்பார் என்று வாயில் பதிலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"கட்டில்ல ஒருநாள்கூட யாரும் படுத்த மாதிரி தெரியல," என்றார் அவர். "விரிப்பு பிரிக்கவே இல்ல. பாத்ரூம்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல. சோப்பு இல்ல, சீப்பு இல்ல, ஒரு துணி இல்ல. தினமும் காலையில நீங்க பையோட வெளியிலேருந்து வர்றதைத்தான் எல்லாரும் பார்த்திருக்காங்க. வந்து வில்லையைத் திருப்பிட்டுச் சாப்பிட்டுப் போயிடறீங்கன்னு நான் நினைக்கறேன். சொந்தக்காரங்க வீடு இருந்தா சொல்லிடுங்க, தப்பில்ல. வாசல்ல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், பார்த்திருப்பீங்க."

பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"அண்ணே," என்று ஆபீஸ் வாசலில் நின்றிருந்த கண்டக்டரைப் பார்த்தேன். அவராவது ஏதாவது சொல்ல மாட்டாரா?

அவர் முகம் வெளிறியிருந்தது. "ஐயோ மூட்டை, நான் உனக்கு நல்லதுன்னுதான் சொன்னேன். பக்கத்துல யாராவது தொந்தரவு இருக்கான்னு கேட்டார். எதிர் ரூம்ல ஒரு சத்தமும் கேட்காது சார், ஆள் இருக்கறதே தெரியாது, தங்கமான பொம்பளைன்னு சொல்லிட்டேன். என் வாயில மண்ணு."

மேனேஜர் பெண் என் பக்கத்தில் குனிந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அம்மா, எனக்காகவாவது நிஜத்தைச் சொல்லுங்க. ராத்திரி எங்கதான் இருக்கீங்க?"

நிஜம் ஒன்றுதான் இருந்தது. நான் அங்கே இருந்ததற்கு உலகத்தில் ஒரே அடையாளம். அதை அழிக்கத்தான் உப்பும் சோப்பும் பொடியும் போட்டு இத்தனை நாள் கை தேயத் தேய்த்தேன். காட்டினால் கதவைப் பாழாக்கினேன் என்று அறை போகும். காட்டாவிட்டால் ஆளே இல்லை என்று அறை போகும். எந்தப் பக்கம் போனாலும் ஷட்டர்தான் என் முதுகுக்குத் தெரிந்தது. எழுந்தேன்.

"மேல வாங்க," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் வந்தார்கள். அதிகாரி அறை வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க சார். வந்து கதவைச் சாத்துங்க."

"நான் பார்த்துட்டேனே அம்மா."

"சாத்திப் பார்க்கல சார்."

அவர் தயங்கினார். கண்டக்டர் பின்னாலிருந்து "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார், பழக்கதோஷம். எல்லோரும் உள்ளே வந்தார்கள். மேனேஜர் பெண்தான் கதவைச் சுவரிலிருந்து பிரித்துச் சாத்தினாள்.

கறை வெளியே வந்தது. பட்டப்பகல் வெளிச்சத்தில், ஜன்னல் வேறு திறந்திருந்ததால், நான் பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஏன் இவ்வளவு தாழ்வாக, இடுப்புக்கும் கீழே ஒரு கறை இருக்கிறது என்று அதிகாரி குனிந்து பார்த்தார். பையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்து, தலையை வைத்தேன். தலை கறையில் போய்ச் சரியாகப் பொருந்தியது.

"நான்தான் பண்ணேன் சார்," என்றேன் கீழே இருந்தபடியே. "வேணும்னு பண்ணல. எண்ணெய் வைக்கறதை விட்டுடறேன். பெயிண்ட்டை நானே அடிச்சுடறேன். வெளிய மட்டும் அனுப்பாதீங்க."

அதிகாரி கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கட்டில் இருக்கே அம்மா?"

"கட்டில்ல படுத்தா, யாராவது வந்தா எனக்குத் தெரியாது சார்."

"இங்க யார் வரப்போறாங்க?"

தெருவில் வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகச் சொன்னால் அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். மேனேஜர் பெண் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் கதவில் சாய்ந்து, நான் தினமும் ராத்திரி பார்க்கிற அந்தக் காலிக் கட்டிலை ஒருமுறை பார்த்தாள்.

"கதவு போனா போகுதும்மா," என்றாள். "நான் உங்களைச் சொன்னேனா? ஆணி அடிக்கறவங்களைத்தானே சொன்னேன்."

அதிகாரி ஜன்னல் வழியே வாசலில் இருந்தவரை எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, நான் நம்பறேன். ஆனா நான் ஒருத்தன் நம்பினா போதாது. அடுத்த வாரம் வேற ஒருத்தர் சொல்லாம வந்து பார்ப்பாங்க. நீங்க ரூம்ல இல்லாத நேரமாக்கூட இருக்கலாம். அப்போ இது ஆள் இருக்கற ரூமா தெரியணும். உங்க பொருள் ஏதாவது இங்க இருக்கணும். செய்வீங்களா?"

"செய்யறேன்," என்றேன். அவர் போனபின் உயிர் வந்தது. வந்த வேகத்தில் திரும்பவும் போனது. பொருளை விட்டுவிட்டுப் போக வேண்டுமாமே!

வாசலில் இருந்தவரை அன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சாக்கைத் தூக்குகிற சத்தம் ஜன்னல் வழியே கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பையைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டேன். எதை விடுவது? சோப்பை அலமாரியில் வைத்துப் பார்த்தேன். சோப்பை யார் வேண்டுமானாலும் மறந்து வைத்துவிட்டுப் போவார்கள், அது எந்த அடையாளமும் இல்லை. சீப்பும் அப்படித்தான். வருகிறவர் புத்திசாலியாக இருந்தால் பழைய சேலையைக்கூட நம்பமாட்டார். திரும்பி வரப்போகிறவள் மட்டுமே விட்டுவிட்டுப் போகிற பொருளாக அது இருக்க வேண்டும். அப்படிப்பட்டது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றி, மடித்து, தலையணைமேல் வைத்தேன். எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். கட்டிலும் சுவரும் அந்த நிமிஷமே கலங்கிப்போயின. மற்றதையெல்லாம் பையில் திணித்து மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, வில்லையைத் தடவிப் பச்சைக்குத் திருப்பினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினேன். கீழே கூடத்தில் மறுபடியும் யாருக்கும் முகம் இல்லை, சட்டைகள்தான் இருந்தன. திரும்பி ஓடிவிடலாம் என்று கால் துடித்தது.

"என்ன மூட்டை, ஆளே மாறிப் போயிருக்கே?" ஒரு கோடுபோட்ட சட்டை பக்கத்தில் வந்தது. கண்டக்டர் குரல். "எங்க உன் கண்ணாடி?"

"வீட்ல வச்சிட்டு வந்துட்டேன், அண்ணே."

எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனுஷர், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்து அதில் டம்ளரை வைத்தார். டீ தளும்பி விரலில் கொட்டியது. மேலே ஏதோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, என் கதவா என்று தெரியவில்லை. எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்தே டீயைக் குடித்து முடித்தேன்.